டென்த்ல வேர்ல்ட் லிட்டரேச்சர்: இங்கிலீஷ் கிளாஸ்ல நைஜீரியாவுக்கு என்ன வேலை?

பொண்ணு அமெரிக்காவுல டென்த் போறா, ஸ்கூல்ல குடுத்த இங்கிலீஷ் சிலபஸ்ல 'வேர்ல்ட் லிட்டரேச்சர்'னு போட்டு நைஜீரியா நாவல், கிரேக்க நாடகம், காஃப்கா, ஈரான் காமிக்ஸ், நாஜிக்கள் யூதர்களைக் கொன்னு குவிச்ச ஹோலோகாஸ்ட் பத்தின ஒரு புத்தகம்னு வரிசையா இருக்கு, இது இங்கிலீஷ் கிளாஸா ஹிஸ்டரி கிளாஸா, காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற எஸ்ஏடி டெஸ்டுக்கு உதவுமா, இதுல இந்தியா ஏன் இல்ல, நாங்க ரெண்டு பேருமே இன்ஜினியரிங், எப்படி ஹெல்ப் பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. நான் இங்க ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கிறவ, பெரும்பாலும் டென்த் தான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

ஏன் இருக்குங்கிறதை சீக்கிரம் முடிச்சிடறேன். நம்ம ஊர் ஸ்டேட் போர்டு மாதிரி எல்லாருக்கும் ஒரே புக்குன்னு இங்க கிடையாது. மாநிலம் ஒரு ஸ்டாண்டர்ட் வெக்கும், எந்தப் புத்தகம்னு டிஸ்ட்ரிக்டும் ஸ்கூலும் முடிவு பண்ணும். பழக்கத்துல வந்த வரிசை என்னன்னா நைன்த்ல கதை, கவிதை, நாடகம்னு பொதுவான அறிமுகம், டென்த்ல உலகம், லெவன்த்ல அமெரிக்கா, ட்வெல்த்ல பிரிட்டிஷ் இல்லேன்னா ஏபிங்கிற காலேஜ் லெவல் கோர்ஸ். பல மாநிலங்கள் பொதுவா ஏத்துக்கிட்ட ஸ்டாண்டர்ட், 2010ல வந்த காமன் கோர்ல நைன்த், டென்த்துக்குன்னே ஒரு வரி இருக்கு, அமெரிக்காவுக்கு வெளியில எழுதின படைப்புகள்ல தெரியுற பார்வையை, பண்பாட்டு அனுபவத்தை அலசத் தெரியணும்னு. டெக்ஸஸ் மாதிரி காமன் கோர் பக்கமே போகாத மாநிலங்களும் உண்டு, ஆனா அங்கயும் டென்த்ல உலக இலக்கியம் வந்திடும்.

உலக இலக்கியம்ங்கிற பேச்சை பெருசா கிளப்பி விட்டவர் ஜெர்மன் கவிஞர் கெதே, 1827ல. ஒரு சீன நாவலைப் படிச்சிட்டு, இனிமே ஒவ்வொரு நாட்டு இலக்கியம்னு தனித்தனியா பேசுறதுல பெரிய அர்த்தம் இல்ல, உலக இலக்கியத்தோட காலம் வந்தாச்சுன்னு தன் செக்ரட்டரி எக்கர்மன்கிட்ட சொன்னார். மனுஷன் காளிதாசரோட சாகுந்தலத்துக்கும் பெரிய ரசிகர். ஆனா ஸ்கூல்ல ரொம்ப காலம் உலகம்னா கிரீஸ், ரோம், ஃபிரான்ஸ், ரஷ்யா, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவும் ஆசியாவும் சிலபஸ்குள்ள வந்ததெல்லாம் ரொம்ப லேட்டு, அதுவும் பல ஸ்கூல்ல கண்டத்துக்கு ஒரு புக்குன்னு ரேஷன் கணக்குல தான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இது இங்கிலீஷ் கிளாஸ் தான், சந்தேகமே வேண்டாம். புள்ளைங்க மார்க்கை விடுறதுக்கு முக்கியமான காரணமே இதை ஹிஸ்டரி கிளாஸ்னு நினைச்சுக்கிறதுதான். நைஜீரியா நாவல்னு சொன்னதும் விக்கிபீடியாவுல நைஜீரியா பேஜைத் தேடிப் போயிடறாங்க, இக்போங்கிற அந்த நாட்டு இனத்து மக்கள், காலனி ஆட்சி, மிஷனரிகள்னு ஒரு பக்கம் அருமையா எழுதிட்டு வர்றாங்க, அதுல ஒரு வரி கூட நாவல்ல இருந்து வந்ததா இருக்காது. முக்கியமா நல்லா படிக்கிற நம்மாளுங்க வீட்டுப் புள்ளைங்க இதைச் செய்வாங்க, ஏன்னா தகவல் சேகரிக்கிறது தான் படிப்புன்னு நாமளே பழக்கி விட்டிருக்கோம். எதுக்கு எவ்ளோ மார்க்னு டீச்சர் வெச்சிருக்கிற ரூப்ரிக்ல அந்தப் பக்கத்துக்கு மார்க்கே இருக்காது. நாவல்ல இந்த இடத்துல இப்படி எழுதியிருக்கு, அதனால நான் இப்படி நினைக்கிறேன்னு சொன்னா தான் மார்க்கு.

உதாரணத்துக்கு உங்க லிஸ்ட்ல முதல்ல இருக்கிறதையே எடுத்துக்கலாம், சினுவா அச்செபேயோட 'திங்ஸ் ஃபால் அபார்ட்'. 1958ல லண்டன்ல வந்தது, அவர் இங்கிலீஷ்லயே எழுதினது, மொழிபெயர்ப்பு இல்ல. தலைப்பு ஐரிஷ் கவிஞர் யேட்ஸோட கவிதையில இருந்து எடுத்தது. கதை நடக்குறது பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில, இக்போ கிராமங்கள்ல. ஒகொன்க்வோன்னு ஒருத்தன். அப்பா உனோகா புல்லாங்குழல் வாசிச்சுக்கிட்டு ஊரெல்லாம் கடன் வாங்கி வெச்சிட்டு செத்துப் போன ஆளு, அவர் மாதிரி ஆயிடக் கூடாதுங்கிற பயத்துலயே வாழ்க்கை பூரா முறைச்சுக்கிட்டு நிக்கிறவன். பக்கத்து ஊர்ல நடந்த ஒரு கொலைக்கு ஈடா குடுக்கப்பட்ட பையன் இகெமெஃபுனா அவன் வீட்ல மூணு வருஷம் வளர்றான், அப்பான்னு கூப்பிடறான். அப்புறம் அவனைக் கொல்லணும்னு குறி சொல்ற தெய்வத்தோட வாக்கு வருது.

ஏழாவது அத்தியாயத்தை உங்க பொண்ணு படிக்கும்போது நீங்களும் கூட உக்காந்து படிங்க, வேற எதுவும் படிக்க நேரம் இல்லேன்னாலும் பரவாயில்ல. அத்தியாயம் ஆரம்பிக்கும்போது வெட்டுக்கிளிக் கூட்டம் வருது, ஊரே குஷியா பிடிச்சு வறுத்து, காய வெச்சு சாப்பிடுது. அந்த சந்தோஷத்துக்கு நடுவுல எஸெயுடுன்னு ஊர்ப் பெரியவர் வந்து ஒகொன்க்வோவை வெளியில கூப்பிட்டு, தெய்வ வாக்கு வந்தாச்சு, ஆனா அந்தப் பையன் உன்னை அப்பான்னு கூப்பிடறான், நீ அதுல கை வெக்காதேன்னு சொல்லிட்டுப் போயிடறார். மறுநாள் பையனை ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்னு பொய் சொல்லி காட்டு வழியில நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க, தலையில ஒரு கள்ளுப் பானை. இங்க தான் அச்செபே ஒரு வேலை பண்றார். அதுவரைக்கும் வெளியில இருந்து கதை சொன்னவர், திடீர்னு அந்தப் பையன் மனசுக்குள்ள போயிடறார். அம்மா உயிரோட இருப்பாளா, தங்கச்சி இப்ப எவ்ளோ பெருசா இருப்பான்னு யோசிக்கிறான், சின்ன வயசுல பாடின ஒரு பாட்டை மனசுக்குள்ள பாடி அந்தத் தாளத்துக்கு நடக்கிறான், பாட்டு வலது கால்ல முடிஞ்சா அம்மா உயிரோட இருக்கான்னு அவனே ஒரு கணக்கு வெச்சுக்கிறான். அந்தப் பாட்டை அச்செபே இங்கிலீஷ்ல தரல, இக்போவுலயே விட்டுட்டார். கொஞ்ச நேரத்துல வெட்டு விழுது, பானை மணல்ல விழுந்து உடையுது, பையன் அப்பான்னு கத்திக்கிட்டு ஒகொன்க்வோ பக்கமே ஓடி வர்றான், ஒகொன்க்வோ தானே அருவாளை எடுத்து வெட்டிடறான். ஏன்னா அவனைக் கோழைன்னு நினைச்சிடுவாங்கன்னு பயம். பயம்னு அங்கயே எழுதியிருக்கு.

இப்ப ஒரு ஸ்டூடண்ட், 'இக்போ கலாச்சாரம் ஆண்மைக்கும் வன்முறைக்கும் முக்கியத்துவம் குடுத்தது, அதனால ஒகொன்க்வோ பையனைக் கொன்னான்'னு எழுதினா, கேக்குறதுக்கு நல்லா இருக்கும், ஆனா தப்பு. ஏன்னா அந்த ஊரோட மூத்த ஆளே கை வெக்காதேன்னு சொல்லியிருக்கார். அடுத்த அத்தியாயத்துல ஒகொன்க்வோவோட நெருங்கின ஃப்ரெண்ட் ஒபியெரிகா, தெய்வம் என் பையனைக் கொல்லச் சொன்னா நான் அதை எதிர்த்து வாதாடவும் மாட்டேன், நானே செய்யவும் மாட்டேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்றான். ஆக அந்த ஊருக்குள்ளயே இதுல மூணு விதமான ஆளுங்க இருக்காங்க. 'கலாச்சாரம்'னு ஒத்தை வார்த்தையில சுருட்டி வெச்சா அந்த மூணு பேரும் காணாமப் போயிடறாங்க. அதையே ஒரு பொண்ணு, எஸெயுடு சொன்னதையும் ஒபியெரிகா சொன்னதையும் ரெண்டு சின்ன கொட்டேஷனா எடுத்து, ஒகொன்க்வோவே வெட்டினது ஊர் வழக்கம் இல்ல, அவனோட பயம், அதனால தான் அச்செபே வெட்டுக்கு முன்னாடி நம்மள பையன் தலைக்குள்ள வெச்சார், அப்ப தான் நமக்கு அதை 'அவங்க வழக்கம்'னு தள்ளி வெக்க முடியாதுன்னு எழுதினா, அது ஏ கிரேடு. விக்கிபீடியா தேவையே படல பாருங்க.

இதை நம்மாளுங்க சட்டுனு புரிஞ்சுக்குவாங்கன்னு நான் எதிர்பார்ப்பேன். யாராவது ஒருத்தன் ஒரே ஒரு படத்தைப் பாத்துட்டு வந்து 'இந்தியாவுல எல்லாம் இப்படித்தானாமே'ன்னு கேட்டா நமக்கு எப்படி சுருக்குன்னு இருக்கும். அதையே நாம நைஜீரியாவுக்குப் பண்ணிடறோம், அதுவும் மார்க்குக்காக.

பல டீச்சர்ஸ் இந்த யூனிட் ஆரம்பிக்கும்போது நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009ல குடுத்த டெட் டாக்கைப் போட்டுக் காட்டுவாங்க, ஒரே கதையை வெச்சு ஒரு ஊரையே முடிவு பண்றதுல இருக்கிற ஆபத்து பத்தினது. நல்ல டாக். சின்ன வயசுல அவங்க வளர்ந்தது அச்செபே முன்னாடி குடியிருந்த வீட்ல தான், நுசுக்கா யூனிவர்சிட்டி கேம்பஸ்ல, அது தனிக் கதை. ஆனா எனக்கு இதுல ஒரு எரிச்சல் உண்டு. ஒரே கதை ஆபத்துன்னு காலையில வீடியோ போட்டுட்டு, மத்தியானம் ஆப்பிரிக்காவுக்குன்னு வருஷத்துக்கு ஒரே ஒரு நாவலை வெச்சா அதுக்கு என்ன அர்த்தம்? டீச்சரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, ஸ்கூல் வருஷம் 180 நாள், அதுல டெஸ்ட், அசெம்பிளி, ஸ்னோ டே எல்லாம் போக ஒரு நாவலுக்கு அஞ்சு வாரம்னா வருஷத்துக்கு அஞ்சாறு புக்கு தான் நடக்கும். என் கட்சி என்னன்னா புக்கு எண்ணிக்கையை ஏத்த வேண்டாம், ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுற மாதிரி புக்குகளை சேர்த்து வைக்கணும். ஆப்பிரிக்காவை ஐரோப்பியக் கண்ணால பாத்து எழுதின கான்ராடோட 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவல்ல ஒரு பத்து பக்கம், அதுக்கு எதிரா அச்செபே 1975ல மாசசூசெட்ஸ் யூனிவர்சிட்டில பேசின பேச்சுல கொஞ்சம், அப்புறம் நாவல். அப்படிப் படிச்சிட்டு நாவலோட கடைசி பக்கத்துக்கு வந்தா புள்ளைங்க நிமிர்ந்து உக்காருவாங்க. கடைசி பக்கத்துல ஒகொன்க்வோ செத்துக் கிடக்கிறான், வெள்ளைக்கார டிஸ்ட்ரிக்ட் கமிஷனர் அதைப் பாத்துட்டு, நாம எழுதப் போற புத்தகத்துல இவனுக்கு ஒரு அத்தியாயமே குடுக்கலாமா, வேண்டாம், ஒரு பாராகிராஃப் போதும்னு மனசுக்குள்ள கணக்குப் போடறார். இருபத்தஞ்சு அத்தியாயம் நாம கூடவே வந்த ஒரு ஆளு அவருக்கு ஒரு பாராகிராஃப். கான்ராடைப் படிச்சிட்டு வந்த பையனுக்கு இது உடனே எட்டும், அந்த கமிஷனர் எழுதப் போற மாதிரி புக்கைத் தானே நேத்து நாம படிச்சோம்னு.

உங்க லிஸ்ட்ல இருக்கிற கிரேக்க நாடகம் ஆன்டிகனி, எல்லா வருஷமும் ஓடுற குதிரை. கிறிஸ்துவுக்கு முன்னாடி 441 வாக்குல சோஃபோக்ளிஸ் எழுதினது. ரெண்டு அண்ணன் தம்பி சண்டையில ஒருத்தரை ஒருத்தர் கொன்னுக்கிறாங்க, ராஜா கிரியான் ஒருத்தனுக்கு மரியாதையா அடக்கம், இன்னொருத்தன் துரோகி, பொணத்தைத் தொட்டா மரண தண்டனைன்னு ஆர்டர் போடறார், தங்கச்சி ஆன்டிகனி மீறுறா. பதினஞ்சு வயசுப் புள்ளைங்களுக்கு ரூல்ஸை மீறுற பொண்ணை உடனே பிடிச்சிடும், அதனால கிளாஸ்ல இந்த நாடகத்துக்கு எனக்கு வேலையே இருக்காது. வேலை இருக்கிறது ஆன்டிகனியோட தங்கச்சி இஸ்மினி விஷயத்துல தான். அக்கா கூப்பிட்டும் பயந்து பின்வாங்கின அந்தப் பொண்ணை எல்லாரும் கோழைன்னு திட்டுவாங்க, அப்புறம் நடுவுல அவ வந்து நானும் உன்கூட சாகுறேன்னு நிக்கும்போது ஆன்டிகனி அவளை எடுத்தெறிஞ்சு பேசுறதைப் படிச்சதும் பாதி கிளாஸ் கட்சி மாறும். தென்னாப்பிரிக்காவுல ராபன் தீவு ஜெயில்ல கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டப்போ மண்டேலா நடிச்சது கிரியான் வேஷத்துல, இதைச் சொன்னா ராஜா பக்கத்தையும் ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க.

காஃப்காவைப் படிக்கும்போது சிரிக்கச் சொல்லுங்க, நிஜமா தான் சொல்றேன். அவரோட 'மெட்டமார்ஃபசிஸ்'ல கிரெகர் சாம்சா காலையில பூச்சியா முழிக்கிறான், ஆனா அவன் கவலை எல்லாம் அஞ்சு மணி ட்ரெயினை விட்டுட்டோமே, அடுத்தது ஏழு மணிக்காச்சே, ஆபீஸ்ல என்ன சொல்லப் போறோம்ங்கிறது தான். நம்ம ஐடி ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பசங்க உடனே கூகுள்ல பூச்சி படத்தைத் தேடுவாங்க, கரப்பானா வண்டான்னு சண்டை போடுவாங்க. 1915ல புத்தகம் அச்சுக்குப் போகும்போது காஃப்காவே பப்ளிஷருக்கு லெட்டர் எழுதி, அட்டையில அந்தப் பூச்சியை மட்டும் வரையாதீங்க, தூரத்துல இருந்து கூட காட்டாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். அந்த ஒரு தகவல் ஒரு முழு பீரியட் ஓடும்: ஏன் காட்டக் கூடாதுன்னார்? பார்க்கப் போனா பூச்சியை விட குடும்பம் எப்படி மாறுதுன்னு கவனிக்கிறவங்க தான் இதுல நல்ல எஸ்ஸே எழுதுவாங்க. சம்பாதிச்சுப் போட்ட பையன் படுத்ததும் அப்பா வேலைக்குப் போறார், அம்மா துணி தைக்கிறா, தங்கச்சி கடையில சேர்றா, கடைசியில அவன் செத்ததும் மூணு பேரும் லீவு போட்டுட்டு ட்ராம்ல ஊருக்கு வெளியில உலாத்தப் போறாங்க.

ஈரான் காமிக்ஸ்னு நீங்க சொன்னது மர்ஜான் சத்ரபியோட 'பெர்செபொலிஸ்'. ஃபிரெஞ்சுல 2000த்துல வர ஆரம்பிச்சது. படம் போட்ட புக்கு, ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம்னு புள்ளைங்க நினைப்பாங்க, அது தான் பொறி. முதல் பக்கத்தோட முதல் கட்டத்துல பத்து வயசு மர்ஜி, அதாவது சத்ரபியே தான், முக்காடோட தனியா உக்காந்திருக்கா, 1980னு போட்டிருக்கும். அடுத்த கட்டம் கிளாஸ் ஃபோட்டோ, அதே மாதிரி முக்காடோட நாலு பொண்ணுங்க, இடது ஓரத்துல நான் இருக்கேன், அதான் தெரியலன்னு எழுதியிருக்கும், பாத்தா கட்டத்தோட கோடு அவளை அறுத்து விட்டிருக்கும். ஒரு ஆட்சி வந்து எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கினதையும், இவ அதுக்குள்ள அடங்காம வெளியில நிக்கிறதையும் ஒரு கோட்டை வெச்சே சொல்லிட்டா. இப்படி ஒரு கட்டத்தை அஞ்சு நிமிஷம் பாக்கப் பழகினா அந்தப் பழக்கம் கவிதைக்கும் வரும்.

இதுல சில பக்கங்கள்ல சித்திரவதை காட்டியிருக்கும், கெட்ட வார்த்தை வரும். 2013ல சிகாகோ பப்ளிக் ஸ்கூல்ஸ் நிர்வாகம் இதை கிளாஸ்ரூம்ல இருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டு, ஸ்டூடண்ட்ஸே போராட்டம் பண்ணி பெரிய விஷயமாச்சு. உங்களுக்கு சங்கடமா இருந்தா பல ஸ்கூல்ல மாத்துப் புத்தகம் கேக்கலாம், குடுப்பாங்க. என்னைக் கேட்டா கேக்காதீங்க. மத்த முப்பது பேர் பேசிக்கிட்டு இருக்கும்போது லைப்ரரில தனியா வேற புக்கோட உக்காந்திருக்கிறது அந்த வயசுக்கு தண்டனை. அதை விட உங்க லிஸ்ட்ல இருக்கிற ஹோலோகாஸ்ட் புத்தகம், எலி வீஸலோட 'நைட்', ரொம்பவே கனமானது, நூத்திச் சொச்சம் பக்கம் தான், ஆனா ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி படிக்க வேண்டாம்னு மட்டும் சொல்லி வைங்க. அதுக்கு எஸ்ஸே கேக்குற டீச்சர்ஸ் கூட கொஞ்சம் மெதுவா தான் கேப்பாங்க.

புக்கு வாங்குறதுல ஒரு விஷயம். மொழிபெயர்ப்பா வர்ற புக்குல டீச்சர் எந்த எடிஷன் சொன்னாங்களோ அதையே வாங்குங்க, வீட்ல பழசு இருக்கு, நெட்ல ஃப்ரீயா கிடைக்குதுன்னு பாக்காதீங்க. 'நைட்'டுக்கு 1960ல வந்த இங்கிலீஷ் ஒண்ணு, 2006ல அவர் மனைவி மரியன் வீஸல் பண்ணினது ஒண்ணு. ஆன்டிகனிக்கு எத்தனைன்னு எண்ணவே முடியாது, வரி நம்பரே ஒத்துப் போகாது, கிளாஸ்ல 450வது வரியைப் பாருங்கன்னா உங்க பொண்ணு வேற எங்கயோ இருப்பா. எஸ்ஸேல கொட்டேஷன் குடுக்கும்போது மொழிபெயர்ப்பாளர் பேரும் வரணும், மேற்கோளுக்கு ஆதாரம் எழுதுற எம்எல்ஏ (MLA) ஃபார்மட்ல அதுக்கு இடம் இருக்கு, இதை விட்டுட்டு மார்க் போறது அநியாயம்.

இந்தியா ஏன் இல்லன்னு கேட்டீங்க. பல ஸ்கூல்ல இருக்கு, ஆனா பெரும்பாலும் ராமாயணத்துல ஒரு துண்டு. அமெரிக்க டெக்ஸ்ட்புக்குகள்ல சிலதுல வர்றது ஆர்.கே. நாராயண் 1972ல இங்கிலீஷ் உரைநடையில எழுதின ராமாயணம், அது வால்மீகியை வெச்சு எழுதினது இல்ல, கம்பனை வெச்சு எழுதினது. அதாவது அயோவாவுலயோ ஒஹையோவுலயோ ஒரு பையன் ராம ராவண யுத்தம்னு படிக்கிறது சுத்தி வளைச்சு நம்ம கம்பன் வழியா வந்தது, இதை கிளாஸ்ல சொல்ல டீச்சருக்கே பல சமயம் தெரியாது, உங்க பொண்ணு சொல்லலாம். ஆனா ஒண்ணு, இந்தியா சம்பந்தமா எது வந்தாலும் கிளாஸ் மொத்தமும் அவ பக்கம் திரும்பும், உங்க வீட்ல இப்படித்தானா, ஜாதின்னா என்ன, அரேஞ்ச்டு மேரேஜான்னு கேப்பாங்க. நல்ல டீச்சர் அதைத் தடுத்திடுவாங்க, எல்லாரும் தடுக்க மாட்டாங்க. 'எனக்குத் தெரிஞ்சது எங்க வீடு மட்டும் தான், புக்குல என்ன இருக்குன்னு பாக்கலாமா'ன்னு சொல்லக் கத்துக்குடுங்க, மரியாதையாவும் இருக்கும், பாடமும் நடக்கும்.

எஸ்ஏடி பத்தி உண்மையைச் சொல்லிடறேன், நேரடியா உதவாது. இப்ப இருக்கிற டிஜிட்டல் எஸ்ஏடில ரீடிங் ரைட்டிங் பகுதி 64 நிமிஷம், 54 கேள்வி, ஒவ்வொரு பேசேஜும் 25ல இருந்து 150 வார்த்தை தான், ஒரு பேசேஜுக்கு ஒரு கேள்வி. நாவல் படிக்கிறவளுக்கு அந்தத் துண்டுகள் லேசா தெரியும், அவ்வளவுதான். பின்னாடி ஏபி லிட்டரேச்சர் எடுத்தா கதை வேற. அதுல மூணு எஸ்ஸே, மூணாவதுக்கு அவங்க ஒரு கேள்வியைக் குடுத்திடுவாங்க, எந்த நாவலை, நாடகத்தை வெச்சு பதில் எழுதுறதுங்கிறது நம்ம இஷ்டம். டென்த்ல அச்செபேயை ஒழுங்கா படிச்ச புள்ளைங்க ட்வெல்த்ல அந்தக் கேள்விக்கு அவரையே எடுத்துக்கிட்டு தைரியமா எழுதுறதை நிறைய பாத்திருக்கேன். ஆறு மார்க்குல நாலு, ஆதாரம் காட்டி அதை விளக்குறதுக்குத் தான். இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்ங்கிற ஐபி பாடத்திட்டம் நடத்துற ஸ்கூலா இருந்தா இன்னும் தீவிரம், லிட்டரேச்சர் ஹையர் லெவல்ல பதிமூணு படைப்பு, அதுல குறைஞ்சது நாலு மொழிபெயர்ப்பா இருக்கணும், பதினஞ்சு நிமிஷ ஓரல்ல ஒரு இங்கிலீஷ் படைப்பையும் ஒரு மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பேசணும்.

சம்மரி சைட், சாட்ஜிபிடி விஷயம் நீங்க கேக்கல, ஆனா சொல்லிடறேன். படிச்ச பிறகு ஒரு அத்தியாயத்துல யார் யாருன்னு சரி பாக்க சம்மரி பாத்தா தப்பில்ல. படிக்கிறதுக்குப் பதிலா பாத்தா இந்த கோர்ஸ்ல ஒண்ணுமே மிஞ்சாது, ஏன்னா நான் மேல சொன்ன பாட்டு, பானை, கோடு இதெல்லாம் சம்மரில இருக்காது, எஸ்ஸேக்கு வேண்டியதே அது தான். இப்ப நிறைய டீச்சர்ஸ் கிளாஸ்லயே பேனாவால எழுத வைக்க ஆரம்பிச்சாச்சு. ஓப்பன் புக்கா இருக்கும், புக்குல ஓரத்துல பென்சில்ல எழுதி வெச்சிருந்தவ அன்னிக்கு ராணி. அதனால ஸ்கூல் புக்கா இருந்தா ஸ்டிக்கி நோட், சொந்த புக்கா இருந்தா பென்சில், புக்குல கிறுக்கக் கூடாதுங்கிற நம்ம ஊர் பழக்கத்தை இந்த ஒரு விஷயத்துக்கு மூட்டை கட்டி வைங்க.

நீங்க எப்படி ஹெல்ப் பண்றதுன்னா, எஸ்ஸேயைத் திருத்தாதீங்க, கூடப் படிங்க. இங்கிலீஷ்ல படிக்க சோம்பலா இருந்தா அச்செபே தமிழ்ல 'சிதைவுகள்'னு என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்புல இருக்கு, பெர்செபொலிஸும் தமிழ்ல வந்திருக்கு. அவ இங்கிலீஷ்ல, நீங்க தமிழ்ல, சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க, 'இன்னிக்குப் படிச்சதுல எந்த இடத்துல நின்னு திரும்பப் படிச்ச?' அர்த்தம் என்ன, நீதி என்னன்னு கேக்காதீங்க, அந்தக் கேள்விக்கு எல்லாப் புள்ளைங்களும் ரெடிமேடா ஒரு பதில் வெச்சிருக்கும். திரும்பப் படிச்ச இடம்னு அவ ஒண்ணைக் காட்டினா, ஏன்னு கேளுங்க, அதுக்கு அவ சொல்ற பதில் தான் அந்த எஸ்ஸேயோட தீசிஸ், அதாவது மையக் கருத்து, அவளுக்கே அப்ப தெரியாது.

சம்மர்ல எதுல ஆரம்பிக்கலாம்னா ஆன்டிகனி. சின்னது, ரெண்டு பேர் வேஷம் பிரிச்சு சத்தமா படிச்சா ஒரு சாயங்காலத்துல முடியும், கிரியானை அவங்க அப்பாக்குக் குடுங்க. அப்புறம் எந்த புக்கா இருந்தாலும் முன்னுரையைக் கடைசியா படிக்கச் சொல்லுங்க, இந்த புரொஃபசர்கள் முதல் பக்கத்துலயே யார் யார் சாகுறாங்கன்னு எழுதி வெச்சிடுவாங்க.